எறும்புப் பறவைகள் பிரிந்த ஞாயிறு

எங்கள் நகரத்தின் கியாக்டடா பகுதியில், பேருந்துகள் திரும்பும் முனையில் ஒரு தேநீர்க் கடை இருந்தது. இப்போது அங்கே ஜெராக்ஸ் எடுக்கிறார்கள். தொண்ணூறுகளில் ஞாயிறு காலைகளில் நாங்கள் மூன்று பேர் அங்கே கூடுவோம். பறவைப் படம் போட்ட தபால் தலைகள் சேர்ப்பது எங்கள் பைத்தியம். நான் ஒரு கப்பல் முகவர் அலுவலகத்தில் எழுத்தர். லான்மடாவில் நூலும் பொத்தானும் விற்ற ஒருவரை நானா என்று கூப்பிடுவோம். ரயில்வேயில் இருந்து ஓய்வு பெற்ற இன்னொருவர் எங்களுக்கு அண்ணன். அவர் இனிப்புக் கூடுதலாக ஒரு லபெயே என்ற பால்தேநீர் சொன்னால் மூன்று கோப்பை வந்துவிடும். கடைக்காரருக்கு எங்களைத் தெரியும்.

வெளிநாட்டுத் தலைகள் கைக்கு வருவதே அந்தக் காலத்தில் அபூர்வம். எல்லாரும் எல்லாவற்றையும் சேர்த்தால் ஒருவரிடமும் ஒன்றும் முழுமையாகாது. அதனால் உலகத்துப் பறவைக் குடும்பங்களை எங்களுக்குள் சீட்டுப் போட்டுப் பிரித்துக்கொண்டோம். வாத்துகள் எனக்கு, மீன்கொத்திகள் அண்ணனுக்கு. யாருக்கு எந்தத் தலை கிடைத்தாலும் அந்தக் குடும்பத்துக்குச் சொந்தக்காரரிடம் கொடுத்துவிட வேண்டும். எது எந்தக் குடும்பம் என்று பார்க்க, நடைபாதைக் கடையில் வாங்கிய அட்டை கிழிந்த ஆங்கில நூல் ஒன்று வைத்திருந்தோம்.

ஒரே ஒரு குடும்பத்தை மட்டும் நானா சீட்டில்லாமல் கேட்டு வாங்கினார். அமெரிக்க வெப்பமண்டலக் காடுகளில் எறும்புப் படைகளின் பின்னால் திரிந்து, அவற்றுக்குப் பயந்து ஓடும் பூச்சிகளைப் பிடித்துத் தின்னும் எறும்புப் பறவைகள். நாங்கள் மறுக்கவில்லை. நானாவின் தம்பி கப்பல் வேலைக்குப் போனவர். டிரினிடாட் தீவிலிருந்து அவர் போட்ட கடிதத்தின் உறையில் இருந்தது அந்தக் குடும்பத்துப் பறவைதான்: பழுப்பு உடம்பு, கறுத்த முகம், கோழிக்குஞ்சு போல வாலைத் தூக்கிக்கொண்டு தரையில் நடப்பது. கருமுக எறும்புப் பூங்குருவி என்று நாங்களே பெயர் வைத்தோம். அதற்குப் பிறகு தம்பியிடமிருந்து கடிதம் வரவில்லை.

இடையில் ஒரு தகராறு. வேறொரு நூலில் மீன்கொத்திகளை மூன்று குடும்பங்களாகப் பிரித்திருந்தார்கள். பழைய பெயரைத் தாங்கும் கிளை பழைய சொந்தக்காரருக்கு, பிரிந்து போனவை மறுபடி சீட்டுக்கு என்று நானாதான் விடாமல் வாதாடி விதி செய்தார். அண்ணனின் அழகான தலைகளில் பாதி சீட்டில் நானாவிடம் போயின. அண்ணன் சிரித்தபடிதான் கொடுத்தார், ஆனால் மறக்கவில்லை.

சில ஆண்டுகள் கழித்து அண்ணனின் மருமகன் சிங்கப்பூரிலிருந்து புதிய பறவை நூல் ஒன்று கொண்டுவந்தார். அந்த ஞாயிறு அண்ணன் எங்களுக்கு முன்பே வந்து உட்கார்ந்திருந்தார்.

"வாங்க நானா. உங்க எறும்புக் குடும்பம் ரெண்டாப் போச்சு. பூங்குருவிங்க தனி, மத்ததெல்லாம் தனி."

"எவன் பிரிச்சான்?"

"என் மீன்கொத்தியப் பிரிச்சானே, அவன் சாதிசனம்தான். அன்னிக்கு என்ன சொன்னீங்க? 'புத்தகத்துல இருந்தா இருக்கறதுதான்'னு மேசையத் தட்டுனீங்கள்ல?"

"அது மீன்கொத்தி, அண்ணே. ஆத்துப் பக்கம் போனா பாத்துக்கலாம்."

"ஆத்துல பாத்து ஆல்பத்துல ஒட்டிக்கவா? தம்பி, சீட்டு எழுது" என்று என்னைப் பார்த்தார்.

நானா ஆல்பத்தில் அந்தப் பக்கத்தைத் திறந்து, பூங்குருவியின் மேல் உள்ளங்கையை வைத்துக்கொண்டார். எழுபது வயதை நெருங்கியவர் அப்படிக் கையால் மூடிக்கொண்டதைப் பார்த்ததும் அண்ணனுக்கே முகம் மாறிவிட்டது. ஆனால் விதியை இழுத்தவர் அவர். எப்படி விடுவது என்று அவருக்கும் தெரியவில்லை.

"முழுக்கப் படிச்சுட்டு எழுதறேன்" என்று நூலை வாங்கினேன். நாங்கள் மூவருமே, ஒரு டஜன் இனமே உள்ள பூங்குருவிக் கூட்டம்தான் பெரிய கூட்டத்திலிருந்து வெளியேறியிருக்கும் என்று நினைத்திருந்தோம். படித்துப் பார்த்தால் கதை வேறு. குடும்பத்தின் லத்தீன் பெயரே பூங்குருவியின் பெயரிலிருந்து வந்தது. அதனால் பழைய பெயர் பூங்குருவிகளிடமே நின்றுவிட்டது. இருநூறுக்கும் மேற்பட்ட மற்ற இனங்கள்தான் வேறு பெயரில் வெளியே போயிருந்தன.

"நானா, கைய எடுங்க. இது எங்கயும் போகல. போனதெல்லாம் மத்ததுங்கதான்."

"எல்லாரும் போயிட்டு இது மட்டுமா வீட்ல இருக்கு?"

"இது மட்டும்தான்."

கையை மெல்ல எடுத்தார். "அப்ப மத்ததுக்கு எழுது சீட்டு."

சீட்டு அண்ணனுக்கு விழுந்தது. நானா இடுக்கியால் ஒவ்வொரு தலையாகத் தானே பிரித்து எடுத்துக் கொடுத்தார். வெண்கொண்டை எறும்புப் பறவை வந்தபோது அண்ணன் தயங்கினார். அந்தப் பக்கத்திலேயே அழகானது அது.

"இத வேணா நீங்களே வச்சுக்குங்க நானா. நான் கேக்கல."

"புத்தகத்துல இருந்தா இருக்கறதுதான். பிடிங்க. இன்னிக்கு லபெயே உங்க கணக்கு."

பக்கம் காலியாகிவிட்டது. நடுவில் அந்த ஒன்று மட்டும். நானா அதையே பார்த்துக்கொண்டிருந்தவர், "அது எங்கெங்க இருக்குன்னு போட்டிருக்கா?" என்றார்.

பழைய நூலில் மெக்சிகோ முதல் பிரேசில் வரை என்று இருந்தது. புதியதில் மாற்றியிருந்தார்கள். "மெக்சிகோ பக்கம் இருக்கறது வேற இனம்னு எடுத்துட்டாங்க, நானா."

"இன்னும் எதையெல்லாம் எடுக்கப் போறானுங்க?" நூலின் பக்கம் குனிந்தார். "டிரினிடாட்?"

"இருக்கு."

"சரியாப் பாரு தம்பி."

நூலை அவர் பக்கம் திருப்பி, வரியின் கீழ் விரல் வைத்து வாசித்தேன்: ஹோண்டுராஸ், பனாமா, கொலம்பியா, வெனிசுவேலா, டிரினிடாட். அவருக்கு ஆங்கில எழுத்துகள் தெரியும். ஆனாலும் என்னை இன்னொரு தரம் வாசிக்கச் சொன்னார். வாசித்தேன். டிரினிடாட் வந்ததும் ஆல்பத்தை மூடிவிட்டு, ஆறிப்போன தேநீரை எடுத்துக் குடித்தார்.