பத்தாம் நாள் நரி

யாராவது எதிர்பாராத நல்ல சேதியோடு வந்து நின்றால், "இன்றைக்கு நரி முகத்தில் விழித்தாயா?" என்று கேட்பது நம் வழக்கம். என்னிடம் யாரும் அப்படிக் கேட்டுவிடக் கூடாது. கேட்டால் எழுந்து போய்விடுவேன். ஒரு நரியின் முகத்தைப் பத்தடி தூரத்தில் பார்த்தவன் நான். அந்த முகத்தை இல்லாமல் செய்தவனும் நான்தான்.

மைசூர் மாநிலத்துக்குக் கர்நாடகம் என்ற பெயர் வருவதற்குச் சில வருடங்கள் முன்னால் நடந்தது இது. என் அப்பா ரயில்வே வேலைக்காக மைசூருக்கு வந்தவர். நானும் ரயில்வேயில் குமாஸ்தா, குடியிருப்பு மண்டி மொஹல்லாவில் ஒரு சந்துக்குள். என் நண்பன் ஹனூர்ப் பக்கத்துத் தமிழ்க் குடியானவன். சாமராஜநகரிலிருந்து குண்டலுபேட்டை போகிற சாலையில் நிலம் வாங்கிக் கடலைக்காய் போட்டிருந்தான். மண்டிக்கு மூட்டை கொண்டுவந்த இடத்தில் பழக்கமானோம். இரண்டு பேருக்கும் முப்பது வயது. என் தமிழில் பாதி கன்னடம் என்று அவனுக்கு இளக்காரம். ஆனாலும் மாதத்தில் ஒரு சனிக்கிழமை நான் பஸ் ஏறி வரவில்லை என்றால் அவனுக்கு இருப்புக்கொள்ளாது. இருவரும் சேர்ந்து நரி வேட்டைக்குப் போவோம்.

வேட்டை என்றதும் பெரிதாக எண்ண வேண்டாம். கடலை முற்றும் காலத்தில் நரிகள் வந்து செடி செடியாகப் பறித்துப் போட்டுவிடும். பட்டியில் ஆட்டுக்குட்டியும் தங்காது. பயிர்க் காவலுக்கென்று லைசென்ஸ் வாங்கிய ஒற்றைக் குழல் துப்பாக்கி ஒன்று அவனிடம் இருந்தது. நரி சுடுவதை அந்தக் காலத்தில் யாரும் தப்பாக நினைக்கவில்லை. நாங்கள் நரியைத் தேடிப் போக மாட்டோம், கூப்பிடுவோம். புறங்கையை எச்சிலால் நனைத்து, உதட்டோடு அழுத்தி, மூச்சை உள்ளே இழுத்தால் பருந்திடம் மாட்டிய முயல் அலறுகிற மாதிரி ஒரு சத்தம் வரும். அவனுக்கு அது தண்ணீர் பட்ட பாடு. நான் முயன்றால் சைக்கிள் டியூபில் காற்றுப் போகிற சத்தம்தான் வரும். அவன் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிப்பான்.

கூப்பிடுகிறவன் முன்னால் பார்த்து உட்காருவான். மற்றவன் அவனோடு முதுகு சேர்த்துப் பின்பக்கம் பார்க்க வேண்டும். நரி நேராக வருகிற பிராணி இல்லை. சுற்றிக்கொண்டு, மோப்பம் பிடித்து, முதுகுக்குப் பின்னால்தான் வரும். ஆகவே பின்பக்கம் என் பொறுப்பு.

அந்தச் சனிக்கிழமை சாயங்காலம் நான் குனிந்து காலில் ஏறிய முள்ளைப் பிடுங்கிக்கொண்டிருந்தேன். என் தோளை உரசிக்கொண்டு ஏதோ போனது. நிமிர்வதற்குள் நண்பன் கத்தினான். வாயில் வைத்திருந்த அவன் வலது கையை ஒரு நரி கவ்வியிருந்தது. கழியால் அடித்தேன். விட்டுவிட்டு ஓடியது. ஓடும்போது பார்த்தோம், வாலில் பாதி இல்லை. எந்தக் காலத்திலோ, எந்தப் பொறியிலோ அறுந்துபோன மொட்டை வால்.

வெறி பிடித்த நரிதான் மனுஷனிடம் இவ்வளவு நெருங்கி வரும் என்று எல்லோரும் சொன்னார்கள். ஆனால் அவன் கம்பளியைப் போர்த்திக்கொண்டு இருட்டும் நேரத்தில் புதரோரம் உட்கார்ந்து முயல் மாதிரி அலறிக்கொண்டிருந்தான். நல்ல நரியே ஏமாந்து அந்தக் கையை முயல் என்று கவ்வியிருக்கலாம். வெறியா, ஏமாந்ததா? நண்பனின் உயிர் இந்தக் கேள்வியில் தொங்கியது. முள்ளைப் பிறகு பிடுங்கியிருக்கலாமே என்று நினைத்து நினைத்து எனக்குச் சோறு இறங்கவில்லை.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை காலையிலேயே மைசூரில் பெரிய டாக்டரிடம் காட்டி, தொப்புளைச் சுற்றி ஊசி ஆரம்பித்தோம். மொத்தம் பதினாலு. அவன் என் வீட்டிலேயே தங்கினான். காலையில் எழுந்ததும் டம்ளர் தண்ணீரை எடுத்துக் கண்ணுக்கு நேரே பிடித்துப் பார்ப்பான். தண்ணீரைக் கண்டு பயம் வந்தால் கதை முடிந்தது என்று அவனுக்குத் தெரியும். பார்த்துவிட்டு ஒரே மடக்கில் குடிப்பான். குடித்து முடிக்கிறவரை நானும் மூச்சு விட மாட்டேன்.

ஏழு ஊசி ஆயிற்று. அடுத்த ஞாயிற்றுக்கிழமை காலையில் கட்டிலை விட்டு இறங்கியவனுக்குக் கால் நிற்கவில்லை. முழங்காலுக்குக் கீழே மரத்துப்போயிருந்தது. டாக்டர் ஊசியால் பாதத்தைக் குத்திப் பார்த்தார். அவனுக்குத் தெரியவில்லை. இந்த மருந்து ஆயிரத்தில் ஒருவருக்கு இப்படிச் செய்யும், இனியும் போட்டால் இரண்டு காலும் விழுந்துவிடலாம், போடாமல் விட்டால் நரிக்கு வெறி இருந்தபட்சத்தில் பிழைக்க வழியில்லை என்று கன்னடத்தில் சொன்னார். பிறகு கையைக் கழுவிக்கொண்டே இன்னொன்றும் சொன்னார். கடித்தது நாயாக இருந்தால் கட்டிப்போட்டுப் பார்க்கலாம். பத்து நாள் ஆகியும் அது உயிரோடு இருந்தால் வெறி இல்லை என்று அர்த்தம். நரியை எங்கே போய்க் கட்டிப்போடுவது?

ஆஸ்பத்திரி வாசலிலேயே நண்பன் விரலை மடக்க ஆரம்பித்துவிட்டான். "சனி ஒண்ணு, ஞாயிறு ரெண்டு..." திங்கட்கிழமையில் பத்து முடிந்தது. "நாளைக்குத்தான் பத்தாம் நாளு. மொட்டை வாலு நரி எங்க பக்கம் ஒண்ணே ஒண்ணுதான் இருக்கும். கூப்புட்டுப் பாத்துப்போடலாம் வா."

நானும் எண்ணிப் பார்த்தேன். பத்துதான் வந்தது. அன்று சாயங்கால பஸ்ஸில் அவனைத் தூக்கி ஏற்றினேன்.

திங்கட்கிழமை விடிவதற்குள் கிளம்பினோம். புறப்படும்போது அவன் மனைவி என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "அண்ணா, ராத்திரி பூரா அவரு தண்ணியே குடிக்கலீங்க. சொம்பக் கொடுத்தா வேண்டாம்ங்கறாரு" என்றாள். அவன் தோளைத் தாங்கிக்கொண்டு வரப்பில் நடக்கும்போது கேட்டேன்.

"ஏன் தண்ணி குடிக்கலை?"

"குடிச்சுப் பாக்கப் பயமா இருக்குதப்பா. தொண்டையில நின்னு போச்சுன்னா?"

தண்ணீருக்குப் பயமா, குடிக்க முடியாமல் போய்விடுமோ என்று பயமா என்று அவனுக்கே தெரியவில்லை. எனக்கு எப்படித் தெரியும்? "சும்னே பயந்துக்காதே" என்றேன். மற்ற நாளாக இருந்தால் சும்மாவுக்குப் பதில் வந்த அந்தக் கன்னடச் சும்னேயைப் பிடித்துக்கொண்டு கேலி செய்திருப்பான். அன்று வரப்பைப் பார்த்தே நடந்தான்.

முதலில் ஓடைக்கரையில் உட்கார்ந்தோம். அவன் வலது கையில் கட்டு. இடது கையை வைத்து இழுத்துப் பார்த்தான். வாய் காய்ந்து கிடந்தது, எச்சில் ஊறவில்லை, வெறும் காற்றுதான் வந்தது. நாலு தடவை, ஐந்து தடவை முயன்றான். பிறகு கையைக் கீழே போட்டுவிட்டான்.

"நீ கூப்புடு" என்றான்.

என் சைக்கிள் டியூப் சத்தத்துக்கு அன்று யாரும் சிரிக்கவில்லை. "உதட்டை இறுக்காத. மெதுவா ஆரம்பிச்சு ஒடனே நிறுத்து. அது சாகப்போறதப்பா, பாட்டா பாடுது?" என்று அடிக்குரலில் திட்டினான். திட்டத் திட்டக் கொஞ்சம் பிடிபட்டது. ஓடைக்கரையில் ஒன்றும் வரவில்லை. கரும்புக் கொல்லை ஓரத்தில் ஒரு நரி வந்தது. பனிமூட்டத்தில் முன்னங்காலைத் தூக்கி நின்றது. திரும்பியது. வால் முழுசாக இருந்தது. அது முழு வாலோடு இருந்ததற்காக நான் அதைச் சபித்தேன். அடுத்த இடத்தில் ஒரு ஜோடி, இரண்டுக்கும் முழு வால். மொட்டை வால் செத்துக் கிடக்கிறது, எங்கோ புதருக்குள் வாயில் நுரை தள்ளிச் செத்துக் கிடக்கிறது என்று எனக்குத் தோன்றிவிட்டது. அவனுக்கும் அப்படித்தான் தோன்றியிருக்க வேண்டும். அடுத்த இடத்துக்கு நடக்கும்போது, தன் குழந்தைக்குக் காது குத்துவதை நான்தான் முன்னால் நின்று நடத்த வேண்டும் என்று சொன்னான்.

வெயில் ஏறிவிட்டது. இனி நரி வராத நேரம். கடைசியாக, அவனுக்குக் கடி பட்ட அதே புதருக்குப் போனோம். முதுகோடு முதுகு சேர்த்து உட்கார்ந்தோம். இந்தத் தடவை பின்பக்கம் அவன் பொறுப்பு. மருந்தும் ரவையும் கெட்டித்த துப்பாக்கி என் மடியில் கிடந்தது. கையை வாயில் வைத்தேன். ஒன்பது நாளாக அடக்கி வைத்திருந்ததெல்லாம் அந்தச் சத்தத்தில் வந்துவிட்டது. எனக்கே என் காது கூசியது. எப்போது நிறுத்தினேன் என்று தெரியாது. அவன் முழங்கை என் விலாவில் இரண்டு முறை இடித்தது.

"அதேதான்" என்றான். "மொட்டை வாலு. உசுரோட இருக்குது."

மெதுவாகத் தலையைத் திருப்பினேன். பக்கவாட்டில் சுற்றிக்கொண்டு என் முன்னால் வந்து நின்றது. பத்தடி இருக்கும். கண் தெளிவாக இருந்தது, காது விறைப்பாக இருந்தது, வாயில் நுரை இல்லை, நடையில் தள்ளாட்டம் இல்லை. அந்தப் பாதி வால் மட்டும் ஆடியது. என் முதுகில் சாய்ந்திருந்த அவன் முதுகு குலுங்கியது. அழுகிறான் என்று புரிந்தது. எனக்கு அந்த நரியைக் கட்டிக்கொள்ளலாம் போல இருந்தது.

பிறகுதான் என் குமாஸ்தா புத்தி விழித்தது. டாக்டர் எப்படி நம்புவார்? எதற்கும் அத்தாட்சி கேட்கிற ஆபீசில் குப்பை கொட்டியவன் நான். பார்த்தோம் என்று வாயால் சொன்னால் போதுமா, மொட்டை வாலோடு கொண்டுபோய் மேஜையில் போட்டால் யாரும் மறுக்க முடியாதே என்று நினைத்தேன். நண்பனைக் கேட்கவில்லை. மடியிலிருந்து துப்பாக்கியைத் தூக்கிச் சுட்டேன். அது என்னையே பார்த்து நின்றது. முகத்தில் பட்டது.

"சுட்டுப்போட்டயா?" என்றான் அவன். வாலைத் தொட்டுப் பார்த்துவிட்டு, "சரி, நல்லதுதான். டாக்டருகிட்டக் காட்டிப்போடலாம்" என்றான். வீட்டுக்கு வந்து சொம்புத் தண்ணீரை அண்ணாந்து குடித்தான். அவன் மனைவி கதவைப் பிடித்துக்கொண்டு அழுதாள். நரியைச் சாக்கில் கட்டி, பஸ் மேலே போட்டு, மைசூருக்குக் கொண்டுபோனோம்.

சாயங்காலம் நாலு மணிக்கு ஆஸ்பத்திரிப் பின்கட்டில் சாக்கை அவிழ்த்தேன். டாக்டர் வாலைப் பார்த்தார். தலையைப் பார்த்தார். அது உயிரோடு எப்படி இருந்தது என்று விவரமாகக் கேட்டார். பிறகு, எந்தக் கிழமை, எத்தனை மணிக்குக் கடித்தது என்றார்.

"சனிக்கிழமை சாயங்காலம். இன்றோடு பத்து நாள்" என்றேன்.

அவர் சுவரில் தொங்கிய காலண்டரைப் பார்த்தார். "நாளைக்குச் சாயங்காலம்தானே பத்து நாள் முடியும்?" என்றார்.

எங்கள் இரண்டு பேர் வீட்டிலும் நாள் எண்ணுவது ஒரே மாதிரிதான். குழந்தை பிறந்தால் பிறந்த நாளும் சேர்த்துப் பதினோராம் நாள் பெயர் வைப்போம். செத்தால் செத்த நாளும் சேர்த்துப் பத்தாம் நாள் காரியம் செய்வோம். கடித்த சனிக்கிழமையை ஒன்று என்று எண்ணியது எங்களுக்குத் தப்பாகவே படவில்லை. டாக்டரும் தன் வீட்டில் அப்படித்தான் எண்ணியிருப்பார். ஆனால் வெறிநோய் முழு நாளாக எண்ணுகிறது. இன்னும் ஒரு நாள் அந்த நரி ஓடிக்கொண்டிருந்திருந்தால் போதும்.

சரி, மூளையை ஆய்வுக்கு அனுப்பிப் பார்க்கலாமே என்று கேட்டேன். அதற்கும் வழி உண்டு, மூளை இருந்தால், என்றார். நான் முகத்தில் சுட்டதில் அது சிதறிப் போயிருந்தது. அவர் என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"ஒன்பது நாள் நன்றாகத் திரிந்த நரி. பெரும்பாலும் பயமில்லை" என்றார். ஊசியை இனித் தொட வேண்டாம் என்றார். ஒரு வருடம் ஒன்றும் இல்லாமல் போனால் அப்புறம் மறந்துவிடலாம் என்றும் சொன்னார்.

ஆஸ்பத்திரிப் படியில் உட்கார்ந்து நண்பன் கேட்டான், "நாளைக்கு அது இருந்திருக்குமா?"

"இருந்திருக்கும்" என்றேன்.

அந்த ஒரு வருடத்தை எப்படிக் கழித்தேன் என்று எழுதினால் நீளும். டாக்டர் சொன்ன அந்தப் பெரும்பாலும் என்ற சொல் ஆபீசிலும் வீட்டிலும் என்னோடு உட்கார்ந்து எழுந்தது. சந்துக்குள் சைக்கிள் மணி கேட்டால் தந்தி வந்துவிட்டது என்று எழுந்து நிற்பேன். சனிக்கிழமை தவறாமல் பஸ் ஏறினேன், வேட்டைக்கு அல்ல. அவன் கால் கொஞ்சம் கொஞ்சமாகத் தேறியது, இடது கால் மட்டும் இழுத்தது. நான் உள்ளே நுழைந்ததும் அவன் எழுந்துவிடுவான். சொம்பை எடுத்து, என் கண்ணெதிரே நின்று, முழுக்கக் குடிப்பான். குடித்து முடித்த பிறகுதான் "வா, உக்காரு" என்பான். என்னால் வந்த வினை இது என்று ஒரு முறை சொல்லப்போனேன். காதில் விழாதவன் போல மாட்டுக்குத் தண்ணீர் காட்டப் போய்விட்டான்.

வருடம் முடிந்தது என்று அவன் மனைவி கோழி அடித்துக் குழம்பு வைத்து ஆள் அனுப்பினாள். போனேன். இலை போட்டாயிற்று. அவர்கள் எண்ணியது மறுபடியும் கடித்த நாளைச் சேர்த்து. எனக்குத் தெரியும், ஒரு நாள் குறைகிறது. இலையை மூடிவிட்டு எழுந்தேன். அவள் முகம் சுண்டிவிட்டது. நண்பன் குழம்புச் சட்டியை மூடி வைத்தான். "இவுரு இன்னைக்கு இங்கயே படுத்துக்கட்டும்" என்று மட்டும் சொன்னான்.

மறுநாள் சாயங்காலம், கடித்த அந்த நேரம் தாண்டும்வரை இரண்டு பேரும் வாசலில் உட்கார்ந்திருந்தோம். இருட்டத் தொடங்கியதும் அவன் உள்ளே போய்ச் சொம்பு நிறையத் தண்ணீர் கொண்டுவந்தான். என் எதிரில் நின்று குடித்தான். சொட்டு மிச்சமில்லாமல் குடித்து, சொம்பைக் கவிழ்த்துக் காட்டினான்.

"இப்ப எண்ணிப்பாரு, சரியா இருக்குதா?" என்றான்.

சரியாக இருந்தது. முந்தின நாள் குழம்பைச் சூடு பண்ணிப் போட்டாள். சாப்பிட்டேன்.