தள்ளினால் திறக்காத கேட்

செனாவாங் பசாரில் மீன்காரரோடு வாய்ச்சண்டை போட்டுக்கொண்டிருந்தபோதுதான் அந்தச் செய்தி வந்தது. அந்தோணி அண்ணனின் மகள் வாட்ஸ்அப்பில் குரல் பதிவு அனுப்பியிருந்தாள். “ஆண்ட்டி, அப்பா நேத்து சாயங்காலம் போய்ட்டாரு. நெஞ்சு வலிக்குதுன்னு உக்காந்தாரு, அவ்ளோதான். நாளைக்கு சர்ச்சுல பூசை.” மீனை அங்கேயே விட்டுவிட்டு வீட்டுக்கு வந்துவிட்டேன்.

அவருடைய பட்டறையில் கேட் செய்துகொண்டவர்கள் இந்த வட்டாரத்தில் ஏராளம். இதைப் படிக்கும் உங்களில் பாதிப் பேர் அவரிடம் திட்டும் வாங்கியிருப்பீர்கள். நான் முதல்முதலாகப் போன அன்றே ஒருவர் வாங்கிக்கொண்டிருந்தார். போர்டிக்சனில் கடலைப் பார்த்தாற்போல் விடுதி கட்டியவர். இரண்டு பக்கமும் சிங்க முகம் வைத்த இரும்புக் கேட் வேண்டும் என்று படத்தோடு வந்திருந்தார். அண்ணன் படத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டார். “ஒங்க சிங்கத்த கடல் காத்து ரெண்டே வருசத்துல தின்னுரும் லா. அலுமினியம் போடுங்க. இல்லன்னா வேற கடையப் பாருங்க.” அவர் வேறு கடையைத்தான் பார்க்கப் போனார். அண்ணன் நல்ல மனுஷன், ஆனால் வியாபாரம் தெரியாத ஆள் என்று நினைத்துக்கொண்டேன்.

நான் போன காரியம் வேறு. என் வீட்டுக்காரர் முப்பது வருடம் தோட்டத்தில் ரப்பர் பால் லோரி ஓட்டியவர். நாலைந்து வருடங்களுக்கு முன் அவருக்கு ஞாபகம் தப்ப ஆரம்பித்தது. தோட்டத்தில் விடிவதற்கு முன்பே மண்டோர், அதாவது கங்காணி, எல்லாரையும் வரிசையில் நிறுத்திப் பேர் கூப்பிடுவார். அதைப் பெரட்டு என்போம். தோட்டமே இன்று வீடமைப்புப் பகுதியாகிவிட்டது. இவரோ காலை ஆறு மணிக்குச் சட்டையை மாட்டிக்கொண்டு பெரட்டுக்குக் கிளம்பிவிடுவார். ஒருநாள் போர்டிக்சன் போகிற பெரிய சாலையில், லோரிகளுக்கு நடுவே நின்றிருந்தவரை மோட்டார் சைக்கிளில் போன ஒரு மலாய்க்காரத் தம்பிதான் அழைத்துவந்து விட்டார்.

மறுநாளே கேட்டுக்குச் சங்கிலி போட்டுப் பூட்டினேன். அது நான் செய்த பாவம். உள்ளங்கை கிழியும்வரை கேட்டை அறைந்து தள்ளினார். “யாருடி நீ? என்னைய பூட்டி வைக்க நீ யாரு?” என்று தெருவே கேட்கக் கத்தினார். நாற்பது வருடம் சேர்ந்து வாழ்ந்த மனுஷன் கேட்ட கேள்வி. மகன் கோலாலம்பூரிலிருந்து போன் செய்து, “அம்மா, பேசாம ஒரு ஹோம்ல விட்றலாம்மா” என்றான். எனக்கு மனம் ஒப்பவில்லை. தகடு அடித்த, ஆளுயரத்துக்கு மேலான, இரண்டு பூட்டு வைத்த கேட் போட்டுவிட்டால் வீட்டிலேயே வைத்துப் பார்த்துக்கொள்ளலாம் என்று கணக்குப் போட்டேன்.

“ஜெயில் கேட்டு மாதிரி வேணும் அண்ணே” என்றேன். அவர் என்னை ஒரு பார்வை பார்த்தார். “மொதல்ல ஆளப் பாக்கறேன் தங்கச்சி. அப்பறமா அளவப் பாத்துக்கலாம்.”

மறுநாள் காலை மோட்டாரில் வந்தார். அளவு நாடாவை வெளியே எடுக்கவே இல்லை. எதிர்ப்பக்கத்துச் சாக்கடை லோங்காங் ஓரத்தில், பிளாஸ்டிக் பையில் கட்டிய கோப்பியை உறிஞ்சிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். உள்ளே என் வீட்டுக்காரர் கேட்டோடு மல்லுக்கட்டிக் கத்துவதையே பார்த்தார். இரண்டாம் நாளும் அப்படியே. மூன்றாம் நாள் எனக்குப் பொறுக்கவில்லை. அளக்க வந்தாரா, எங்கள் மானம் போவதை வேடிக்கை பார்க்க வந்தாரா? வாய்விட்டே கேட்டுவிட்டேன். அவர் கோபப்படவில்லை. “நாளைக்கு அந்தச் சங்கிலிய கழட்டிரு. நான் இருக்கேன்” என்றார்.

நான்காம் நாள் சங்கிலியைக் கழற்றினேன். என் வீட்டுக்காரர் வந்தார், வலது தோளைக் கேட்டில் கொடுத்துத் தள்ளினார், திறந்தது, நடந்தார். அந்தோணி அண்ணன் எழுந்து, “என்னா அண்ணே, இன்னிக்கு சீக்கிரம் கெளம்பிட்டீங்க?” என்று கேட்டபடியே தெருமுனைவரை கூட நடந்து, பேசிப் பேசியே திருப்பிக் கூட்டிவந்தார். பிறகு என்னைத் தனியே கூப்பிட்டார்.

“அவரு தப்பிக்கப் பாக்கல தங்கச்சி, வேலைக்குப் போறாரு. பூட்டப் பாத்தாத்தான் கோவம் வருது. அவரு கைக்குத் தள்ள மட்டுந்தான் தெரியுது. நாலு நாளாப் பாக்கறேன், ஒரு தடவகூட இழுக்கல, நவுத்தல. ஒனக்கு மூல வீடு, பக்கத்துல செவுரு நீளமாருக்கு. பக்கவாட்டுல நவுத்தற கேட்டாப் போட்ருவோம். தகடு வேணாம், ரோட்ட அவரு பாக்கட்டும். குறுக்குக் கம்பியும் வேணாம், காலு வச்சு ஏறிருவாரு.”

எனக்கு அப்போதுதான் உறைத்தது. லோரியை வெளியே எடுப்பதற்காகத் தோட்டத்து ஆலைக் கேட்டை முப்பது வருடம் தோளால் தள்ளியவர் இவர். கூடவே வாழ்ந்த எனக்குத் தெரியாதது, லோங்காங் ஓரத்தில் உட்கார்ந்திருந்தவருக்குத் தெரிந்தது எப்படி? இன்றுவரை எனக்கு அது அதிசயம்தான்.

புதுக் கேட் நெடுக்குக் கம்பிகளோடு வந்தது. தடுக்கி விழாமலிருக்கத் தண்டவாளத்தைத் தரைக்குள் புதைத்திருந்தார். பகலில் பூட்டே கிடையாது. முதல் நாள் காலை இவர் தோளைக் கொடுத்தார், அசையவில்லை. இன்னொரு முறை தள்ளினார். கம்பி வழியாகத் தெருவை இப்படியும் அப்படியும் பார்த்தார். “மண்டோர் இன்னும் வந்து தொறக்கல போல” என்று சொல்லிவிட்டு, சாவகாசமாகத் திரும்பிவந்து நாற்காலியில் உட்கார்ந்தார். நான் ஓவென்று அழுதுவிட்டேன். அண்ணன் வெளியே நின்று தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்துகொண்டிருந்தார்.

“என்னைக்காச்சும் கண்டுபிடிச்சிட்டா?” என்று கேட்டேன்.

“அன்னிக்கு எனக்கு போன் போடு. கூட நடக்கறேன், அவ்ளோதானே லா.”

போன் போடும் தேவை வரவில்லை. ஆனாலும் மாதம் ஒருமுறை காலையில் வந்து, எதிரில் உட்கார்ந்து, கோப்பி குடித்துவிட்டுப் போவார். கேட்டால், தண்டவாளத்துக்கு எண்ணெய் விட வந்தேன் என்பார்.

பூசைக்கு என் வீட்டுக்காரரையும் அழைத்துப் போனேன். யார் இறந்தது என்று அவருக்குப் புரியவில்லை. கூட்டத்தைப் பார்த்து, “பெரிய கிராணியா?” என்று தோட்டத்துத் தலைமைக் குமாஸ்தாவை நினைத்துக் கேட்டார். ஆமாம் என்றேன்.

இன்று காலையும் அவர் வேலைக்குக் கிளம்பினார். தள்ளிப் பார்த்தார், திரும்பினார், என்னிடம் வந்தார். “மண்டோர் வரலடி. அதுக்குள்ள நீ ஒரு கோப்பி போடேன்” என்றார். ஊர், வருடம், மகன் பெயர் எல்லாம் அவருக்கு மறந்துவிட்டது. ஆனால் நான் அவருக்கு இன்னும் பெண்டாட்டி, காவல்காரி இல்லை. அந்தோணி அண்ணன் எனக்குக் கொடுத்துவிட்டுப் போனது இதுதான்.