அக்காவுக்கு எங்கே மெழுகுவத்தி ஏற்றுவது?

"…ஆனா நமக்குத்தான் கல்லறையே கிடையாதே! எரிச்சு, கங்கையில கரைச்சாச்சு. இனி எங்கன போய் மெழுகுவத்தி ஏத்துவா? அவகிட்டச் சொல்லு" என்றார் அண்ணன்.

அவர் சொன்ன அந்த 'அவள்', எங்கள் வீட்டின் பின்கட்டில் பிறந்து இன்றும் அங்கேயே வசிக்கும் ஸ்டெல்லா தீதி; தீதி என்றால் வங்காளத்தில் அக்கா. மெழுகுவத்திப் பொட்டலத்தைக் கையில் வைத்துக்கொண்டு அண்ணனுக்கு எதிரேதான் நின்றிருந்தார். ஆனாலும் அண்ணன் சொன்னதை நான் ஒருமுறை திருப்பிச் சொல்லியாக வேண்டும். பல காலமாக அவர்கள் இருவருக்கும் நடுவே நான்தான் தபால்காரி. சொன்னேன்.

இது நடந்தது அக்கா மறைந்த பிறகு வந்த முதல் கல்லறைத் திருநாளன்று. அன்று மாலை அண்ணனை ஆற்றங்கரையில் பார்த்தவர்கள் பலவிதமாகப் பேசுவதாகக் கேள்வி. "ஒங்க அண்ணாச்சி வேதத்துல சேர்ந்துட்டாகளாமே?" என்று, கிறிஸ்தவராகிவிட்டாரா என்ற பொருளில், பெஹாலாவிலிருந்து ஒரு சித்தி ஃபோன் செய்தே கேட்டுவிட்டார். ஆண்டு நினைவுக்கு வந்திருக்கும் உங்களுக்கு அக்காவின் வாழ்க்கையைச் சொல்லும்போது இதையும் சேர்த்துச் சொல்லிவிடுவதுதான் முறை. நான் எட்டாம் வகுப்போடு நின்றவள். எனக்குத் தமிழ் வந்தது பேசுகிறவர்களின் வாயைப் பார்த்துத்தான். குறை இருந்தால் பொறுத்துக்கொள்ளவும்.

அக்கா பிறந்தது கல்கத்தாவின் பவானிபூரில், இதே சந்தில். திருநெல்வேலியிலிருந்து குமாஸ்தா வேலைக்கு வந்த அப்பா பிடித்த வாடகை வீடு இது. சந்தின் ஒரு பக்கம் முழுவதும் கன்னியாஸ்திரீகள் நடத்தும் பள்ளியின் மதில். எங்கள் வீட்டுக்குத் தனியாகக் கடிகாரம் தேவைப்படவில்லை. பள்ளியின் முதல் மணிக்கு அம்மா உலை வைப்பார்; மாலையில் மதிலுக்குள்ளிருந்து வரும் கோயில் மணிக்கு விளக்கேற்றுவார். சந்தின் மறுமுனையில் துர்கா பூஜைப் பந்தல் போடுவார்கள். பந்தலில் கிச்சடி வாங்கித் தின்றுவிட்டு, அதே வாயோடு மதிலுக்குள் போய் கிறிஸ்துமஸ் கேக்குக்கும் வரிசையில் நின்ற பிள்ளைகள் நாங்கள். அப்பா சிரிப்பார்: "எந்தச் சாமி கொடுத்தாலும் இதுகளுக்கு வயிறு நிறைய மாட்டேங்கே!"

ஸ்டெல்லா தீதியின் அப்பா பள்ளியின் வேன் ஓட்டியவர், வங்காளிக் கிறிஸ்தவர். ஸ்டெல்லா தீதி இரண்டாம் வகுப்பில் இருந்தபோது அவர் திடீரென்று இறந்துபோனார். அந்த வருடக் கல்லறைத் திருநாளன்று ஸ்டெல்லா தீதியின் அம்மாவுக்கு ஆஸ்பத்திரியில் நர்ஸ் வேலை; விடுப்புக் கிடைக்கவில்லை. அப்பாவின் கல்லறைக்குத் தனியாகப் போகப் பயந்து அழுத சிறுமியை, தானும் சிறுமியாக இருந்த அக்கா கையைப் பிடித்து அழைத்துப் போனார். வீட்டில் யாரிடமும் சொல்லவில்லை. திரும்பி வந்தபோது பாவாடையில் மெழுகு ஒட்டியிருந்தது. அம்மா வாசலிலேயே மறித்தார்.

"எங்கன போயிட்டு வாரீக ரெண்டு பேரும்?"

அக்கா சொன்னார்.

"சரி. அங்கனயே நில்லுங்க. செத்தவுக எடத்துக்குப் போயிட்டு வந்தா தல முழுகாம உள்ள வரலாமா?"

"அம்மா, ஸ்டெல்லா கிறிஸ்டியன்!"

"இருந்தா என்னட்டி? அவளுக்குத் தல இல்லியா?"

வெந்நீர் போட்டு, முற்றத்துக் குழாயடியில் இருவரையும் உட்காரவைத்துத் தலைக்கு ஊற்றினார் அம்மா. பிறகு சுடச்சுட ரசம் சாதம். போகக் கூடாது என்று அம்மா சொல்லவே இல்லை. அடுத்த வருடம் அவர்கள் கிளம்பும்போதே வெந்நீருக்கு அடுப்பு மூட்டிவிட்டார்.

அதன் பிறகு நடந்ததை அக்கா சொல்லிக் கேட்டவர்கள் உங்களில் பலர் இருப்பீர்கள். வேதபாட வகுப்பில் சிஸ்டர், கல்லறைத் திருநாளில் கத்தோலிக்கர் செய்ய வேண்டியவை என்ன என்று கேட்டிருக்கிறார். ஸ்டெல்லா தீதி எழுந்து, "பூ வைக்கணும், மெழுகுவத்தி ஏத்தணும், ஜெபம் பண்ணணும், வீட்டுக்கு வந்து தலைக்குக் குளிச்சு ரசம் சாப்பிடணும்" என்று ஒப்பித்திருக்கிறார். வகுப்பு முழுவதும் அதை அப்படியே எழுதிக்கொண்டதாம். சிஸ்டர் கேரளத்துக்காரர். சிரிப்பை அடக்கிக்கொண்டு, "முதல் மூன்றும் எல்லோருக்கும். நாலாவது உன் வீட்டுக்கு மட்டும்" என்றாராம்.

நாலாவது அந்த இரண்டு பேருக்கும் கடைசிவரை நின்றது. அம்மா இருந்தவரை அம்மாவும், பிறகு நானும் வெந்நீர் போட்டோம்.

அப்பாவின் கம்பெனி கல்கத்தாவை விட்டுப் போனபோது அக்கா கல்லூரியில் இருந்தார். படிப்பைப் பாதியில் நிறுத்திவிட்டு, படித்த பள்ளியிலேயே சிறு பிள்ளைகளுக்குக் கணக்கு சொல்லிக்கொடுக்கப் போனார். மாலைக் கல்லூரியில் மீதியை முடித்தார். அண்ணன் ஹவுராவில் ஒரு பட்டறையில் வேலைக்குச் சேர்ந்து காலூன்றும்வரை குடும்பத்தைத் தாங்கியவர் அக்காதான். ஆனால் வீட்டில் ஒருநாளும் அதைப் பேச்சாக எடுத்ததில்லை. கணக்கு வராத பிள்ளைகளிடம் அவர் சொல்வது ஒன்றே ஒன்று: "தப்பாப் போடு, பரவால்ல. ஆனா போடு." மூன்றாம் வகுப்பில் அதைக் கேட்ட ஒருவர் இன்று எங்கள் சந்தில் மருந்துக்கடை வைத்திருக்கிறார். அவரும் கடைப் பையன்களிடம் அதைத்தான் சொல்கிறார், வங்காள மொழியில்.

அக்காவுக்கு ஒரு நல்ல வரன் வந்தது. பாளையங்கோட்டைக்காரர்கள். அண்ணன் அலைந்து திரிந்து கொண்டுவந்த சம்பந்தம். எல்லாம் கூடிவந்த வேளையில் மாப்பிள்ளை வீட்டாரின் காதுக்கு யாரோ விஷயத்தைக் கொண்டுபோய்விட்டார்கள். மாப்பிள்ளையின் அத்தை கூடத்தில் உட்கார்ந்துகொண்டு கேட்டார்: "பொண்ணு கல்லறைக்கெல்லாம் போற பழக்கம் உள்ளவளாமே?"

அக்கா உள்ளேயிருந்தே பதில் சொன்னார்: "வருசத்துல ஒரு நாள்தான் போறேன். மத்த நாளெல்லாம் உசுரோட இருக்கவுக கூடத்தான் இருக்கேன்."

அவர்கள் காப்பியைக் குடித்துவிட்டு எழுந்து போனார்கள். அக்கா அதற்குப் பிறகு வேறு வரன் பார்க்கச் சம்மதிக்கவில்லை. அண்ணனின் கோபம் மாப்பிள்ளை வீட்டார்மீதும் போகவில்லை, அக்காமீதும் போகவில்லை. ஸ்டெல்லா தீதியால் தங்கையின் வாழ்வு கெட்டது என்று ஒரே பிடியாக நின்றுவிட்டார். அன்றோடு அவரிடம் பேச்சை நிறுத்தினார். ஒரே குழாயில் தண்ணீர் பிடிப்பார்கள். ஒரே பந்தலில் நாற்காலி போட்டு உட்காருவார்கள். பேச வேண்டியது இருந்தால், "அவகிட்டச் சொல்லு", "தாதாகிட்டச் சொல்லு" என்று நடுவில் நான்; அண்ணனை வங்காள வழக்கப்படி 'தாதா' என்றுதான் ஸ்டெல்லா தீதி சொல்வார். அக்கா பலமுறை அண்ணனிடம் சொல்லிப் பார்த்தார்: "எனக்கு வராத கோவம் ஒனக்கு எதுக்குண்ணே?" அண்ணன் எழுந்து போய்விடுவார்.

பணியிலிருந்து ஓய்வு பெற்ற சில வருடங்களில் அக்காவுக்குச் சிறுநீரகக் கோளாறு வந்தது. வாரந்தோறும் ஆஸ்பத்திரிக்குப் போய் வந்தார். ஊசி குத்தும்போது நர்ஸ் பிள்ளைகளிடம் வாய்ப்பாடு கேட்பார். கடைசி ஒரு மாதம் படுக்கை, முதலில் ஆஸ்பத்திரியில், பிறகு வீட்டில். பகலில் நானும் மற்ற நேரத்தில் ஸ்டெல்லா தீதியும் பார்த்துக்கொண்டோம். ஒரு விடியற்காலையில், பள்ளியின் முதல் மணிக்கு முன்னால், அமைதியாகப் பிரிந்தார். அண்ணன் முறைப்படி எல்லாக் காரியங்களையும் செய்தார்.

அந்த நாட்களில் எங்களைத் தாங்கியவர்களை இங்கே நினைக்க வேண்டும். காசு கேட்காமல் வந்து பார்த்த டாக்டரம்மா. பெயர் சொல்லிக் கூப்பிடுமுன் தோள் கொடுக்க வந்து நின்ற நம் பாடாப் பையன்கள், நம் பேட்டைப் பிள்ளைகள். பதினாறு நாளும் எங்கள் வீட்டில் அடுப்பெரிய விடாமல் சாப்பாடு அனுப்பிய தமிழ்க் குடும்பங்கள். ஊர்வலம் மதிலைத் தாண்டும்வரை பிள்ளைகளை வெயிலில் வரிசையாக நிறுத்திவைத்த பள்ளியின் சிஸ்டர்கள். உங்கள் எல்லோருக்கும் எங்கள் குடும்பம் கைகூப்புகிறது.

ஸ்டெல்லா தீதிக்கு நான் நன்றி சொன்னால், "எனக்கு எதுக்குட்டி நன்றி, நான் என்ன வேத்தாளா?" என்று கேட்பார். அவர் பேசுவது அம்மாவிடம் கற்ற அச்சு அசல் திருநெல்வேலித் தமிழ்.

அந்தத் தமிழில்தான் அன்று அண்ணனுக்கும் பதில் சொன்னார்.

"தாதாகிட்டச் சொல்லு. நான் கல்லற கேக்கல. தீதி போன எடத்தக் காட்டச் சொல்லு. கரைக்கும்போது நான் கூட வரல. ஆஸ்பத்திரியில கெடந்த சாமானெல்லாம் எடுக்கப் போயிருந்தேன். எந்தப் படின்னு தாதாவுக்கு மட்டுந்தான் தெரியும். இவ்வளவு வருசம் எங்கப்பாவுக்குத் தீதி வந்தா. தீதிக்கு நான் எங்க போக?"

நான் அண்ணன் பக்கம் திரும்பினேன். வாயைத் திறக்குமுன் அவர் எழுந்து உள்ளே போய்விட்டார். வழக்கம்போலத்தான் என்று நினைத்தேன். ஸ்டெல்லா தீதியும் அப்படித்தான் நினைத்திருப்பார். பொட்டலத்தை முந்தானையில் சுற்றிக்கொண்டு கிளம்பினார். அதற்குள் அண்ணன் சட்டையை மாட்டிக்கொண்டு, ஊன்றி நடக்கிற தன் குடையோடு வெளியே வந்து, "டாக்ஸி கூப்பிடு" என்றார் என்னிடம்.

மூவரும் ஆற்றங்கரைக்குப் போனோம். படித்துறையில் அண்ணன் குடையின் நுனியால் காட்டினார். ஆற்றில் கடலேற்றம் வந்து நீர் உயர்ந்து, அக்காவைக் கரைத்த படி தண்ணீருக்கு அடியில் கிடந்தது. ஸ்டெல்லா தீதி அதற்கு மேற்படியில் உட்கார்ந்தார். தீக்குச்சி கிழிக்கக் கிழிக்க ஆற்றுக் காற்று அணைத்துக்கொண்டே இருந்தது.

"எலத் தொன்னையில வச்சு மிதக்க விடச் சொல்லு" என்றார் அண்ணன்.

"தாதாகிட்டச் சொல்லு, மிதக்க விடுதது ஒங்க வழக்கம். நாங்க ஒரு எடத்துல நிக்க வச்சு, அது தீருற வரைக்கும் கூட இருப்போம்."

நான் சொல்ல வாயெடுத்தேன்.

"கேட்டுச்சு" என்றார் அண்ணன். பிறகு, "ஏட்டி ஸ்டெல்லா, கொஞ்சம் அங்கிட்டு நகரு."

ஸ்டெல்லா தீதி நகர்ந்தார். சாமி கும்பிடக்கூட முழங்கால் மடங்காமல் நாற்காலியில் உட்காரும் அண்ணன், என் தோளைப் பிடித்துக்கொண்டு மெல்ல அந்த ஈரப் படியில் இறங்கி உட்கார்ந்தார். மழையே இல்லாத அந்த மாலையில் குடையை விரித்து, ஆற்றுப் பக்கமாகச் சாய்த்துப் பிடித்துக்கொண்டார்.