நவம்பர் பதினைந்தில் தேர்வு இல்லை

பழைய பாடத்திட்டத் தாளில் தேதியை மாற்றினால் முடிகிற வேலைக்கு ஐலா நீமி ஆகஸ்ட் மாதம் முழுவதையும் பாழாக்குகிறாள் என்று எதிர்வீட்டு வெர்னா சொல்லித் திரிகிறாள். நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். ஏழு வருடமாக என் மாடியில் குடியிருப்பவள் ஐலா. கல்லூரியில் புள்ளியியல் நடத்துகிறாள். வெர்னாவைவிட எனக்கு அவளைத் தெரியும்.

பாடத்திட்டத்தைக் கடைசி நாளிலிருந்து பின்னோக்கித்தான் எழுதுவாள். வகுப்பு முடிந்து போகும்போது பிள்ளைகளுக்கு என்ன செய்யத் தெரிந்திருக்க வேண்டும் என்பது முதலில். எந்த வாரம் எந்தப் பாடம் என்பது அப்புறம். ஒவ்வொரு வரியையும் என் சமையலறைக்கு வந்து உரக்க வாசிப்பாள். எனக்கு எழுத்து தெரியாது. "படிக்கத் தெரியாத உங்களுக்கே புரிஞ்சுதுன்னா, படிக்க மாட்டேங்கிற அவங்களுக்கும் புரிஞ்சிடும்" என்பாள். வாசித்தபடியே, மாவுக்குள் இறைச்சி வைத்து நான் சுட்ட பாஸ்டியின் ஓரத்தை மட்டும் தின்றுவிட்டு நடுவை எனக்கு வைப்பாள்.

எதையெல்லாம் செய்யக்கூடாது என்று பதினொரு பக்கம் அனுப்பி, அதைப் பாடத்திட்டத்தின் முதலில் வைக்கச் சொன்னது கல்லூரி அலுவலகம். "மொத நாளே ஜெயில் கதவத் தொறந்து காட்டுற மாதிரி இருக்கு" என்று கடைசிக்குத் தள்ளினாள்.

அதைத் துறைத்தலைவர் ஹாலொரன் பொறுத்துக்கொண்டார். தெற்கே டெட்ராய்ட் நகரத்திலிருந்து புதிதாக வந்தவர். ஆனால் எல்லா வகுப்புக்கும் பொதுத் தேர்வு நவம்பர் பதினைந்து என்றார். எங்கள் வட மிச்சிகனில் அன்றுதான் மான் வேட்டை தொடங்கும். பள்ளிக்கூடத்தையே மூடுகிற நாள்.

என் வீட்டுத் தொலைபேசியில்தான் ஐலா அவரிடம் சொன்னாள்: "போன வருஷம் அன்னைக்குப் பத்தொம்போது பேருக்கு வயித்துவலி சார். பத்தொம்போது வயிறும் வேட்டைக்கார ஆரஞ்சு சட்டை போட்டுக்கிட்டுக் காட்டுல நின்னுச்சு. பாதி வீட்டுல அந்த மான்தான் குளிர்காலம் பூரா சாப்பாடு."

தேதியை மாற்றினால் ஜனவரியில் அவளுக்கு வகுப்பே கிடையாது என்றார் அவர். ஒவ்வொரு பருவத்துக்கும் புதிதாக ஆள் எடுக்கிற வேலை அவளுடையது, கேட்க நாதியில்லை.

"வேட்டைக்காரப் பசங்களுக்கு வால் புடிக்கிறா" என்றாள் வெர்னா. அவள் மகனும் அந்த வகுப்புதான். அவன் துப்பாக்கிக்கு எண்ணெய் போட்டுவைப்பதே வெர்னாதான்.

முதல் வகுப்பு நாள் காலை ஹாலொரன் மறுபடி அழைத்தார். அச்சடித்த பாடத்திட்டக் கட்டு ஐலாவின் மடியில் இருந்தது. எனக்கு வாசித்தும் காட்டியிருந்தாள்: தேர்வு, நவம்பர் எட்டு.

"கடைசியாக் கேக்குறேன் ஐலா. பதினஞ்சா, இல்லையா?" அவர் குரல் அடுப்புவரை கேட்டது.

ஐலா இணைப்பைத் துண்டிக்கவில்லை. அவர் இன்னும் பேசிக்கொண்டிருந்த ரிசீவரை மேசைமேல் மல்லாக்கக் கிடத்திவிட்டு, கட்டை இரு கையாலும் அணைத்துக்கொண்டு, தோளால் கதவைத் தள்ளி வகுப்புக்குக் கிளம்பினாள்.