தம்பி படித்த கடல்

காலை ஆறரை மணிக்கு அரிமளத்தில் பஸ் ஏறினோம், அப்பாவும் நானும். தம்பி குமரேசனின் அஸ்திக் கலயம் அப்பாவின் மடியில் இருந்தது. கொச்சியில் கடல் ஆராய்ச்சி வேலை பார்த்தவன். போன வாரம் மாரடைப்பில் போய்விட்டான். விவசாயத்தை விட்டுப் போனான் என்று அப்பாவுக்கு அவன்மேல் தீராத வருத்தம். லீவுக்கு வந்தால் நெல்லைப் பற்றியும் மாட்டைப் பற்றியும் பேசிக்கொள்வார்கள். அவன் வேலையைப் பற்றி அப்பா கேட்டதே இல்லை.

அறந்தாங்கியில் கோட்டைப்பட்டினம் பஸ்ஸுக்கு மாறினோம். வழியெல்லாம் வற்றிய கண்மாய்கள், சீமைக்கருவேலங்காடு. வெகுநேரம் வெளியே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு அப்பா கேட்டார்.

“அங்கிட்டு என்னதான் தாயி பாத்தான் அவன்?”

அவன் எனக்குச் சொன்னதைச் சொன்னேன். பருவக்காற்று நாளில் கேரளக் கரையை ஒட்டி வீசும் காற்று மேல்தண்ணீரைத் தள்ளும். பூமி சுழல்வதால் அது கரையை விட்டு விலகும். அந்த இடத்துக்கு அடியிலிருந்து குளிர்ந்த தண்ணீர் ஏறிவரும். அதோடு வரும் சத்தில் பாசி பெருகும், மத்தி மீன் பெருகும். பசிபிக் கடலில், பூமத்திய ரேகையை ஒட்டி, கீழைக்காற்றால் இது இன்னும் பெரிதாக நடக்கிறது. அந்தக் காற்று தளர்ந்தால் குளிர்ந்த தண்ணீர் ஏறுவது குறையும், கடல் சூடாகும், மழை பெய்யும் இடமே மாறிப்போகும். அப்படிப்பட்ட பல வருடங்களில் நம் தென்மேற்குப் பருவமழை குறைந்துவிடும்.

“அப்ப நம்ம கம்மாய்க்கு?”

“ஐப்பசி மழை வேற கணக்குப்பா. அந்த வருசம் சிலசமயம் கூடுதலாவே பெய்யும்னான். அதையுந்தான் பாத்துக்கிட்டிருந்தான்.”

அப்பா கலயத்தின்மேல் கையை வைத்தார். “மழையத் தேடித்தான் போயிருக்கான்,” என்றார். கோட்டைப்பட்டினத்தில் இறங்கும்வரை அந்தக் கையை எடுக்கவில்லை.

படகுக்காரர் சேகர் எங்களைக் கடலுக்குள் வெகுதூரம் கூட்டிப்போனார். தம்பிக்கு என்ன வேலை என்று என்னிடம் கேட்டார். நான் வாய் திறப்பதற்குள் அப்பாவே சொல்லத் தொடங்கினார்: காற்று தள்ளுவதை, அடித்தண்ணீர் ஏறிவருவதை. பாதியில் கலயத்தை மடியோடு அணைத்துக்கொண்டார். மீதியை நான் சொன்னேன்.

சேகர் இன்ஜினை நிறுத்தினார். “இங்கிட்டு அவ்வளவு ஆழம் இல்லைங்கய்யா. அந்தக் குளுந்த தண்ணி இங்க வராது.”

அப்பா தண்ணீருக்குள் கைவிட்டுப் பார்த்தார். வெதுவெதுப்பாக இருந்தது. பிறகு கலயத்தை மெல்லச் சாய்த்தார். சாம்பல் கொஞ்ச நேரம் மேலேயே மிதந்துவிட்டுக் கலைந்தது.

திரும்பும் பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்தவர், எங்கே போய்விட்டு வருகிறீர்கள் என்று பேச்சுக்குக் கேட்டார்.

“மகன் வேல பாத்த எடத்துக்குப் போய்ட்டு வாரேன்,” என்றார் அப்பா.

தம்பி வேலை பார்த்தது அந்தக் கரையில் இல்லை. அப்பாவுக்கும் அது தெரியும்.