காதுகுத்துக்கு வந்த ஓட்டு

மகாராஜபுரத்து இருளம்மாளுக்கு ஐந்து வருஷமாக ஒரே வேண்டுதல். பாண்டிதுரை தோற்க வேண்டும். அதுவும் மாலை கழுத்துக்கு வரும் நேரத்தில் தோற்க வேண்டும்.

அவள் மகன் விக்னேஸ்வரன் போலீஸ் தேர்வில் எழுத்து, ஓட்டம் எல்லாம் தாண்டி, வேலை உத்தரவுக்காகக் காத்திருந்தவன். அந்த வருஷப் பங்குனிப் பொங்கலில் ஒரு கடைக்காரரின் மண்டை உடைந்தது. உடைத்தவன் பாண்டிதுரையின் அக்காள் மகன். ஊரே பார்த்தது. ஆனால் கட்சியில் பாண்டிதுரையின் கை ஓங்கியிருந்த நேரம் அது. வழக்கில் அக்காள் மகன் பெயர் விழவில்லை, வேடிக்கை பார்த்து நின்ற விக்னேஸ்வரன் பெயர் விழுந்தது. பின்னால் வழக்கு தள்ளுபடியாயிற்று. அதற்குள் வேலை கைநழுவிப் போயிருந்தது. இப்போது ராஜபாளையத்தில் ஒரு நூல்மில்லுக்குப் போய் வருகிறான். வீட்டில்கூட அதிகம் பேசுவதில்லை.

இந்தச் சட்டமன்றத் தேர்தலில் பாண்டிதுரைக்குச் சீட்டு கிடைத்தது. எதிராளியும் லேசுப்பட்டவர் இல்லை. இழுபறிதான் என்று டீக்கடையில் பேசிக்கொண்டார்கள். இருளம்மாள் யோசித்தாள். அவளுடைய சொந்தத்தில் பாதிப் பேர் பிழைப்பது திருப்பூரில். ஓட்டு இங்கே இருக்கிறது, ஆள் அங்கே இருக்கிறது. ஓட்டுக்காக மட்டும் யாரும் பஸ் ஏறமாட்டார்கள்.

ஆவணியில் வைப்பதாக இருந்த பேத்தியின் காதுகுத்தை, ஓட்டுப்பதிவுக்கு முந்தின நாளுக்கு மாற்றினாள்.

"இந்த வெயில்லயாம்மா? பிள்ளைக்குக் காது புண்ணாயிரும்" என்றாள் மகள் யுவராணி.

"அது ஆறிரும்டி. எனக்குத்தான் ஆறல."

ஊருக்குப் பக்கத்துக் குன்றான திருவண்ணாமலையில், பெருமாள் கோயிலில் சொந்தம் மொத்தமும் கூடியது. தாய்மாமன் விக்னேஸ்வரன் மடியில் குழந்தை வீரிட்டு அழுதது. பந்தியில் இருளம்மாள் இலை இலையாகப் போய் நின்றாள்.

"மாமன்காரனப் பாத்தீகள்ல? யூனிபார்மோட உக்காந்திருக்க வேண்டியவன். நாளைக்கு ஓட்டப் போட்டுட்டு ஊருக்குப் போங்க."

யாருக்குப் போட வேண்டும் என்று அவள் சொல்லவில்லை. கேட்டவர்களும் இல்லை.

எண்ணிக்கை அன்று பாண்டிதுரை முந்துவதும் பிந்துவதுமாக இருந்தான். கடைசிச் சுற்றுக்கு முன்னால் அவன் ஆட்கள் பட்டாசுச் சரத்தை ரோட்டில் விரித்துவிட்டார்கள். அந்தச் சுற்றில்தான் மகாராஜபுரத்து ஓட்டு எண்ண வந்தது. முப்பத்தெட்டு ஓட்டில் தோற்றான். விரித்த சரத்தை அவர்களே சுருட்டிக்கொண்டு போனார்கள். அதைக் கேட்ட இருளம்மாள் அன்றைக்கு இரண்டு தட்டுச் சோறு தின்றாள்.

ஒரு வாரம் கழித்துப் பாண்டிதுரை வாசலில் வந்து நின்றான். எப்படியோ சேதி அவனுக்கு எட்டியிருந்தது.

"ஒங்களுக்கு நான் என்ன மதினி கெடுதல் செஞ்சேன்?"

நடிக்கிறானோ என்று உற்றுப் பார்த்தாள். இல்லை, அவனுக்கு நிஜமாகவே நினைவில்லை.

"எம் மகன் பேரச் சொல்லுங்க பாப்போம்."

அவன் நெற்றியைச் சுருக்கினான்.

"விசாரிச்சுத் தெரிஞ்சுக்கிடுங்க. அடுத்த எலக்சனுக்கும் நான் இருப்பேன்" என்றாள் இருளம்மாள். உட்காரச் சொல்லவில்லை. அவன் வெயிலில் நிற்க, உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.