நைனா முகமதுவுக்குக் கிடைத்த மூன்று நிமிடம்

12.7.2025, சனி: போட்டி. மேடையேறிய பிள்ளைகள் 14.
13.7.2025, ஞாயிறு: ஒலிப்பதிவு. நீளம் 47 விநாடி.
14.7.2025, திங்கள்: வேனில் ஏறியவர்கள், 24-இல் 17.
16.7.2025, புதன்: 11.
18.7.2025, வெள்ளி: 9.
26.7.2025, சனி: கூட்டத்துக்கு வந்தவர்கள் 63.

பள்ளி வேன் ஓட்டும் நைனா முகமது 1967-இல் பொந்தியானில் பிறந்தவர். ஆறாம் ஆண்டுவரை தமிழ்ப்பள்ளியில் படித்தார். இருபது வயதில் அன்னாசி ஏற்றும் லாரி, பிறகு தொழிற்சாலை பஸ், 2008 முதல் சிங்கப்பூர் எல்லைக்குப் பக்கத்துக் கூலாயில் சொந்த வேன். பதினேழு ஆண்டுகளில் ஒரு விபத்தும் இல்லை. மாலையில் பிள்ளையை இறக்கிவிட்டால் வீட்டுக் கதவு திறந்து, உள்ளேயிருந்து ஒரு ஆள் கையசைத்த பிறகுதான் வேனை நகர்த்துவார். பின்னால் வரும் கார்கள் ஹாரன் அடித்தாலும் அவருக்குக் காது கேட்காது.

அந்த ஆண்டு பள்ளியில் டிக்கிர் பாராட் குழு ஒன்றை அமைத்தார்கள். வரிசையாகப் பாயில் உட்கார்ந்து, கை தட்டி, கைகளை வீசி, மலாய்ப் பாட்டுப் பாடும் ஆட்டம் அது. மாவட்டப் போட்டிக்குத் தமிழ்ப்பள்ளிகளும் போவது வழக்கம். உடைக்கு ஆகும் வாடகையைக் கேட்டு ஆசிரியர் தலையில் கை வைத்துக்கொண்டார். நைனாவின் மனைவி ஜமீலா வீட்டில் தையல் வேலை செய்பவர். இடுப்பில் கட்டும் துணிகளையும் பெண் பிள்ளைகளின் தலைத் துண்டுகளையும் மூன்று நாளில் அவர் தைத்துக் கொடுத்தார். ஆண் பிள்ளைகள் எட்டுப் பேருக்கும் சொங்கோக் தொப்பியை, பக்கத்துச் சிறு தொழுகைக்கூடமான சூராவில் ஓதப் படிக்கும் பிள்ளைகளிடம் நைனா இரவல் வாங்கினார்.

போட்டி நாள் காலை, புறப்படுமுன் பள்ளி வாகன நிறுத்தத்தில் கடைசியாக ஒருமுறை பயிற்சி நடந்தது. வேனுக்கு முன்னால் பாய் விரித்து, பதினான்கு பேரும் உட்கார்ந்து, உள்ளங்கைகளை நெஞ்சுக்கு நேராக விரித்தார்கள். ஆட்டத்தின் முதல் அசைவு அது. நைனாவுக்கு மனம் நிறைந்துவிட்டது. படம் எடுத்துத் தன் வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் போட்டார். ஆனால் படத்தின் கீழே ஒரு வரியும் எழுதவில்லை.

ஆட்டம் தெரிந்தவருக்கு அது ஆட்டம். தெரியாதவருக்கு, பதினான்கு தமிழ்ப் பிள்ளைகள் தொப்பியும் துண்டும் அணிந்து, ஒரு முஸ்லிம்காரரின் வேனுக்கு முன்னால் வரிசையாக உட்கார்ந்து கையேந்தித் தொழுகிற படம்.

யுகேந்திரன் தெரியாதவர். சிங்கப்பூரில் கப்பல் பட்டறையில் வேலை, தினமும் எல்லை தாண்டிப் போய்வருவார். அதிகாலை நாலரைக்குப் போனால் திரும்ப இரவு ஒன்பதாகிவிடும். ஆட்டத்தில் சேர்க்க அனுமதி கேட்டுப் பள்ளியிலிருந்து வந்த கடிதத்தில் மனைவிதான் கையெழுத்துப் போட்டிருந்தார். ஞாயிற்றுக்கிழமை யாரோ அனுப்பிய படத்தில் தன் மகள் லோஷினி தலையில் துண்டோடு உட்கார்ந்திருப்பதைப் பார்த்தார். யாரிடமும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. பெற்றோர் வாட்ஸ்அப் குரூப்பில் பேசிப் பதிவு செய்து போட்டார்.

"பாத்துக்குங்க. நம்ம பிள்ளைங்களுக்குத் தொப்பி போட்டு, உட்கார வச்சு, தொழச் சொல்லிக் கொடுக்குறாரு வேன்காரரு. இவங்க எல்லாம் இப்படித்தான். சிரிச்சுச் சிரிச்சுப் பேசி மெதுவா இழுத்துருவாங்க. நாளைக்குப் பிள்ளை வேற பேரோட வந்து நிக்கும்போது அழாதீங்க."

திங்கட்கிழமை ஏழு வீடுகளின் முன்னால் வேன் நின்றது. பிள்ளைகள் வரவில்லை. ஒரு வீட்டில் திரைச்சீலை மட்டும் அசைந்தது. பன்னிரண்டு பிள்ளைகளாவது இல்லாவிட்டால் வேன் ஓடாது, விற்கத்தான் வேண்டும். வெள்ளிக்கிழமை ஒன்பது பேர்தான் இருந்தார்கள்.

அன்று மாலை ஜமீலாவின் தம்பி காசிம் வீட்டுக்கு வந்தான்.

"மச்சான், போலீஸ்ல ரிப்போர்ட் போடுங்க. மதத்தப் பத்திப் பேசியிருக்கான். ஒரு நாள் கூப்பிட்டு உட்கார வச்சா வாய் தானா மூடிக்கும்."

"மூடிக்கிட்டா?"

"அவ்ளோதான், முடிஞ்சுது."

"எனக்கு முடியாதுப்பா. அவன் வாய மூடுனா, பாத்தியா, ஒரு வார்த்தை சொன்னதுக்கே உள்ள தள்ளிட்டாங்கன்னு ஊரு பேசும். என் வேன்ல பிள்ளை ஏறாது."

"அப்ப என்னதான் செய்யப் போறீங்க?"

"அவன் பேசிட்டான். நான் இன்னும் பேசல."

உள்ளிருந்து ஜமீலா குரல் கொடுத்தார். "ஸ்டேட்டஸ் போடும்போது கீழ ரெண்டு வார்த்தை எழுதியிருக்கலாம். நான் தச்சத நாலு பேருக்குக் காட்டணும்னு மட்டும் தெரிஞ்சுது."

பெற்றோர் ஆசிரியர் சங்கத்தின் செயலாளர் டோரிஸ். செனாய்ப் பக்கம் ஒரு தொழிற்சாலையில் தர ஆய்வாளர். வேன் விவகாரத்தைப் பேச இருபத்தாறாம் தேதி சங்கம் கூடுவதாக இருந்தது. அதற்கு முந்திய சனிக்கிழமை மதியம் நைனா அவரைத் தேடிப் போனார்.

"டோரிஸ்மா, கூட்டத்துல எனக்குக் கொஞ்ச நேரம் பேச விடுவீங்களா?"

"நீங்க உறுப்பினர் இல்லையே பாய். உங்க பிள்ளைங்க இங்க படிக்கல."

"என்னப் பத்தித்தானே கூட்டம்?"

டோரிஸ் சங்க விதிப் புத்தகத்தை எடுத்துவந்து, நின்றபடியே படித்தார். வெளியாரை அழைக்கலாம், கூடியிருப்போரில் பெரும்பான்மையினர் கை தூக்கினால் போதும் என்று அதில் இருந்தது. "தூக்குவாங்களான்னு நான் சொல்ல முடியாது," என்றார். "கேக்குறத கேட்டுருவோம்."

இருபத்தாறாம் தேதி காலை பத்து மணிக்குக் கூட்டம். கை தூக்கியவர்கள் 34. மறுத்தவர்கள் 21. எந்தப் பக்கமும் சேராதவர்கள் 8. தலைவர் தங்கராஜு கைக்கடிகாரத்தைக் கழற்றி மேசைமேல் வைத்து, "மூணு நிமிஷம் பாய்," என்றார்.

நைனா தாளில் எழுதி வந்திருந்தார். மூக்குக் கண்ணாடி வேனிலேயே இருந்துவிட்டது. தாளை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.

"அந்தப் படத்த எடுத்தது நான்தான். கீழ எதுவும் எழுதாம விட்டது என் தப்பு. அது டிக்கிர் பாராட். வாத்தியாரு இங்கதான் இருக்காரு, கேட்டுக்கலாம். துணிய என் வீட்டம்மா தச்சாங்க, தொப்பி இரவல். போட்டியில நம்ம பிள்ளைங்க மூணாவது இடம். அத இந்த ரெண்டு வாரத்துல யாரும் பேசல."

பின்வரிசையிலிருந்து யுகேந்திரன் எழுந்தார். "அதெல்லாம் சரி பாய். எங்கயோ ஒரு பிள்ளைக்கு மதம் மாறி, பேரும் மாறிப்போச்சுன்னு நாங்க பேப்பர்ல படிக்கலையா? என் பிள்ளைக்காக நான் பயப்படக் கூடாதா? வாயத் திறந்து பேசவே கூடாதா?"

"பயப்படுங்க தம்பி. நானும் மூணு பிள்ளை பெத்தவன். பேசுங்க, கேளுங்க. ஆனா என்கிட்ட கேட்டிருக்கலாமே. என் நம்பர் உங்க வீட்ல இருக்கு. 'லோஷினிக்குக் காய்ச்சல், இன்னிக்கு வரல'ன்னு அனுப்புற அதே நம்பர்தான். நீங்க என்னப் பத்திப் பேசியிருந்தாக்கூடப் பரவால்ல. 'இவங்க எல்லாம்'னு பேசிட்டீங்க. பதினேழு வருஷம் ஓட்டினது நான் ஒருத்தன். எல்லாருக்கும் சேத்து நான் எப்படிப் பதில் சொல்லுவேன்?"

யுகேந்திரன் உட்கார்ந்தார்.

முன்வரிசையில் ஒரு தாய், காளியம்மா, கையைத் தூக்கினார். "பாய் வேன்ல என்ன சொல்லிக் கொடுக்குறாருன்னு நான் சொல்றேன். எங்க வீட்டுக் குட்டி காலங்காத்தால ஐம்பது வருஷத்துப் பழைய சினிமாப் பாட்டாப் பாடுது. அலமாக், என் மாமியாருக்கே வரி தெரியல. இவர் வேன் ரேடியோதான் காரணம்."

சிரிப்பு எழுந்தது. மறுத்துக் கை தூக்கியவர்களில் சிலரும் சிரித்தார்கள்.

சிரிப்பு அடங்கியதும் டோரிஸ் பேசினார். "நான் இந்தத் தாமானுக்குக் குடி வந்த வருஷம் கிறிஸ்துமஸ் கேக் கொடுத்தேன். மதம் மாத்த வந்துட்டாங்கன்னு ரெண்டு வீட்ல திருப்பி அனுப்பினாங்க. அந்த ரெண்டு வீட்டுக்காரங்களும் இங்கதான் இருக்காங்க. இப்ப அவங்கதான் டிசம்பர் வந்தா, டோரிஸ் கேக் எப்போன்னு கேக்குறாங்க." யாரையும் பார்க்காமல்தான் சொன்னார். ஆனாலும் இரண்டு பேர் தரையைப் பார்த்தார்கள்.

தங்கராஜுவுக்குச் சிக்கல் தீர்ந்தால் போதும். "சரி, இனிமே குரூப்ப மூடிருவோம். அட்மின் மட்டும் போடட்டும். யுகேந்திரன வெளிய எடுத்துருவோம். யாரும் எதுவும் பேச வேணாம்."

பலர் தலையாட்டினார்கள். மூன்று நிமிடம் எப்போதோ முடிந்துவிட்டது. நைனா உட்காரவில்லை.

"ஐயா, மூடாதீங்க. இங்க மூடினா பேச்சு வேற குரூப்புக்குப் போகும். அங்க நீங்க இல்ல, என்னையும் சேக்க மாட்டாங்க. என்ன சொல்றாங்கன்னே தெரியாது. அவர வெளிய எடுக்கவும் வேணாம். அவர் பேசின அதே இடத்துல என் பதிலும் இருக்கணும். அவ்ளோதான் நான் கேக்குறது."

"அப்ப அந்த ஆடியோவ அழிக்க வேணாமா?" என்றார் டோரிஸ்.

"அத அவர்தான் முடிவு பண்ணணும்."

அதற்கும் கை தூக்கினார்கள். குரூப்பைத் திறந்தே வைப்பதற்கு 41, மூடுவதற்கு 15, சும்மா இருந்தவர்கள் 7. பிற்பகல் இரண்டு மணிக்கு நைனாவைக் குரூப்பில் சேர்த்தார்கள். வேனுக்குள் உட்கார்ந்து, ஜன்னல் கண்ணாடிகளை ஏற்றிவிட்டு, நாலாவது முயற்சியில் பதிவு செய்து அனுப்பினார். நீளம் ஒரு நிமிடம் ஐம்பத்திரண்டு விநாடி. கூடவே போட்டி மேடைப் படத்தையும் போட்டார். கீழே இரண்டு வரி எழுதியிருந்தார். அந்த வரிகளை ஜமீலா சரிபார்த்த பிறகே அனுப்பினார்.

எல்லோரும் மறுநாளே திரும்பிவிடவில்லை. 28.7.2025, திங்கட்கிழமை 12 பிள்ளைகள். ஆகஸ்ட் முடிவில் 18. இரண்டு குடும்பங்கள் வேறு வேன் பார்த்துக்கொண்டன; சாலையில் பார்த்தால் தலையசைப்பதோடு சரி. யுகேந்திரன் மன்னிப்பு எதுவும் கேட்கவில்லை. லோஷினி அப்பாவின் தம்பியோடு மோட்டார் சைக்கிளில் பள்ளிக்குப் போனாள். வேன் கடந்து போனால் மட்டும் கையசைப்பாள், சித்தப்பா பார்க்காதபோது.

புதிய பள்ளி ஆண்டுக்கு முன்னால், எந்த வேனில் பிள்ளையை அனுப்புகிறோம் என்று ஒவ்வொரு பெற்றோரும் கையெழுத்துப் போட்ட கடிதம் தரவேண்டும். டிசம்பர் முடிவில் நைனாவிடம் 20 கடிதங்கள் சேர்ந்தன. அவற்றில் மூன்று, புதிதாக முதலாம் ஆண்டில் சேரும் பிள்ளைகளுடையவை. வேனை விற்கிற பேச்சு வீட்டில் நின்று, டயர் மாற்றுகிற பேச்சு தொடங்கியிருந்தது.

பள்ளி திறக்க மூன்று நாள் இருக்கும்போது ஒரு உறை வந்தது. தமிழில், கையால் எழுதியது. மகள் லோஷினியை ஆறாம் ஆண்டு முழுதும் நைனாவின் வேனில் அனுப்ப விரும்புவதாகவும், காலை 6.40-க்கு வாசலில் நிற்பாள் என்றும் யுகேந்திரன் எழுதிக் கையெழுத்திட்டிருந்தார். கையெழுத்துக்குக் கீழே, வேறு நாள் எழுதியதுபோல், வேறு பேனாவில் இன்னும் சில வரிகள் இருந்தன.

"என் ஆடியோவை ஏழு குரூப்புக்கு அனுப்பியிருந்தேன். உங்கள் பதிலையும் அதே ஏழு குரூப்புக்கு அனுப்பிவிட்டேன். இரண்டில் என்னை நீக்கிவிட்டார்கள். ஒன்றில் இன்னும் சண்டை நடக்கிறது, நான் பேசிக்கொண்டிருக்கிறேன்."

ஜமீலா அதை இரண்டு தடவை சத்தமாகப் படிக்கச் சொல்லிக் கேட்டார். நைனா அதை மற்ற இருபதோடு சேர்த்து, பள்ளி அலுவலகத்துக்குக் கொண்டுபோகும் கோப்பில் வைத்தார். இருபத்தொன்றாவதான அந்தக் கடைசிக் கடிதம் வந்து சேர்ந்தது 9.1.2026, வெள்ளிக்கிழமை.